பழைய விண்கலச் சுடும் கேம்களுக்கு மானிட்டரைத் திருப்புங்கள்

1997-இல் ஜப்பானின் கேவ் நிறுவனம் உருவாக்கிய டோடோன்பாச்சி போன்ற ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திர) கேம்கள் மறுபடியும் சூடு பிடித்திருக்கின்றன. ஆனால் அவை நிற்கவைத்த திரைக்காகச் செய்தவை. அகலம் 240 பிக்சல், உயரம் 320. 1080 பிக்சல் உயரமுள்ள படுக்கைவாட்டுத் திரையில் முழு எண் மடங்கில் மூன்று மடங்குதான் பெரிதாகும், மீதி எல்லாம் கறுப்பு. மானிட்டரை 90 டிகிரி திருப்பி, கேமின் அமைப்பில் திரைச் சுழற்சியையும் மாற்றினால் நான்கு மடங்கு கிடைக்கும். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் வகைப் பேனலாக இருக்கட்டும். பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும் டிஎன் வகைப் பேனலைத் திருப்பினால் இரு கண்ணுக்கும் வெவ்வேறு நிறம் தெரிந்து தலைவலிதான் மிச்சம்.

அதைவிடப் பெரிய வில்லன், பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் அசைவதற்கும் இடையிலான தாமதம். டிவி என்றால் முதலில் கேம் மோடைப் போடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி ஃபிரேம்களை, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களை, பிடித்துவைத்தே காட்டும். ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிசெகண்ட், தோட்டா மழையில் மூன்று ஃபிரேம் போனால் கப்பல் காலி.

பழைய கேம்களைக் கணினியில் ஓட்டும் ரெட்ரோஆர்க் மென்பொருளில், கேமுக்குள்ளேயே இருக்கும் தாமத ஃபிரேம்களைத் தாண்டிக் காட்டும் ரன்-அஹெட் வசதி உண்டு. எத்தனை ஃபிரேம் தாண்டவேண்டும் என்ற எண்ணை ஊகித்துப் போடாதீர்கள். கேமை நிறுத்தி, திசைப் பொத்தானை அழுத்தியபடியே ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். கப்பல் மூன்றாவது ஃபிரேமில் அசைந்தால் 2 என்று வையுங்கள். அதற்கு மேல் கூட்டினால் அசைவின் தொடக்க ஃபிரேம்கள் விழுங்கப்பட்டு, கப்பல் துள்ளுவதுபோல் தெரியும்.