விளையாட்டுப் பயிற்சி ஜிம்மில் இன்டர்ன்ஷிப்: தலைமைப் பண்பையும் தொழிலையும் கற்கும் வழி

விளையாட்டு வீரர்களைத் தயார்படுத்தும் ஜிம்மில் இன்டர்ன்ஷிப் சேரும் முன், பயிற்சித் தளத்தோடு வரவேற்பு மேசையிலும் உட்கார அனுமதி உண்டா என்று உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு வீரர் ஏன் மாதம் தவறாமல் பணம் கட்டி வருகிறார், இன்னொருவர் ஏன் சொல்லாமல் நின்றுவிடுகிறார் என்பது இரண்டு இடங்களிலும் வேலை பார்ப்பவருக்கே விளங்கும்.

தொடக்கத்தில் தலைமைப் பயிற்சியாளரின் பக்கத்திலேயே நில்லுங்கள். பதினைந்து வயது வாலிபால் வீராங்கனை ஒருவர் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்யும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறது, குதிகால் எழும்புகிறது, முதுகும் வளைகிறது என்று வைத்துக்கொள்வோம். புதியவர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல, அந்தப் பெண் எதைத் திருத்துவது என்று தெரியாமல் விழிப்பாள். தேர்ந்த பயிற்சியாளரோ எடையைக் குறைத்து, "குதிகால் தரையிலேயே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லி, அது படிந்த பிறகே அடுத்ததைத் தொடுவார். ஓரளவு பழகியதும் வார்ம்-அப் நடத்தும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். எல்லோரும் கண்ணில் படும் இடத்தில் நின்று பெயர் சொல்லி அழையுங்கள். தாமதமாக வந்தவரிடம் பயிற்சி முடிந்த பின் தனியாகப் பேசுங்கள். உங்களைவிட மூத்த வீரர் சொல்வதைக் கேட்காவிட்டால் குரலை உயர்த்துவதில் பயனில்லை. அவருடைய 30 மீட்டர் ஓட்ட நேரங்களை மாதவாரியாகக் காட்டிப் பேசுங்கள்.

கணக்கில் முதலில் தெளிய வேண்டியது, கைக்கு வந்த பணமெல்லாம் வருமானம் ஆகாது என்பதுதான். ஜனவரித் தொடக்கத்தில் ஒருவர் ஆண்டுச் சந்தாவாக 12,000 ரூபாய் கட்டினால், அந்த மாத வருமானம் 1,000 ரூபாய் மட்டுமே; மீதி 11,000 ரூபாய் இனிமேல் சேவையாகத் திருப்பித் தர வேண்டிய கடன். அதையும் கருவிகளில் போட்டுவிட்டால், பொதுத் தேர்வுக்காக மாணவர்கள் நின்றுவிடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வாடகைக்கே திண்டாட வேண்டியிருக்கும். கோடை விடுமுறையிலும், முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகள் நெருங்கும்போதும்தான் கூட்டம் திரும்பும்.

வரியும் தெரிந்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் கருவிகள் வாங்கும்போது கட்டிய வரியை, ஜிம் அரசுக்குச் செலுத்த வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளும் வசதி அதனோடு போய்விட்டது. அதன் பிறகு கட்டணத்தை எவ்வளவு மாற்றினார்கள், ஏன் என்று உரிமையாளரிடம் விசாரியுங்கள். விலை நிர்ணயத்தைக் கற்க இது மிக நல்ல பாடம் என்பது என் கருத்து.

இன்டர்ன்ஷிப்பின் பின்பாதியில், சந்தா முடிய இரண்டு வாரமே உள்ளவர்களின் பட்டியலை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். வருகை குறைந்தவரிடம் பணப் பேச்சை எடுக்காமல், நேரம் ஒத்துவரவில்லையா, வலி ஏதும் உண்டா என்று கேளுங்கள். வலி என்றால் நீங்களே வைத்தியம் சொல்லாமல் தலைமைப் பயிற்சியாளரிடம் அனுப்புங்கள். அறிந்த காரணங்களை ஒரு பக்கத்தில் எழுதி, செய்யக்கூடிய ஒரே ஒரு மாற்றத்தைப் பரிந்துரைத்து, அதை நடத்திக் காட்டும் பொறுப்பையும் கேளுங்கள்.

சான்றிதழில் நீங்கள் நடத்திய பேட்ச், கையாண்ட பட்டியல், பொறுப்பேற்ற மாற்றம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். "திருப்திகரமாகப் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு அடுத்த நேர்காணலில் பேச எதுவும் இருக்காது.