நாலு பேர், ஒரு அறை: இண்டி ராக் குழு தொடங்குவது எப்படி?

இண்டி ராக் என்றால் பெரிய கம்பெனிகளைச் சாராமல் சொந்தமாக வளர்ந்த ராக் இசை. அப்படிக் குழு தொடங்க நினைக்கிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்த கிட்டார் வாங்கலாம்?" என்பதுதான். கிட்டார் இருக்கட்டும், முதலில் ஒரு குழுவின் கதையைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரை ஒட்டிய ஹை கிரீன் என்ற ஊரில் அலெக்ஸ் டர்னரும் ஜேமி குக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள். 2001 கிறிஸ்துமஸுக்கு இருவருக்கும் கிட்டார் பரிசாகக் கிடைத்தது. அப்போது டர்னருக்கு வயது 15. 2005 அக்டோபரில் அவர்கள் பாடல் பிரிட்டனில் முதலிடம். அந்த ஆர்க்டிக் மங்கீஸ் குழு போன வழியை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஆள் சேர்ப்பது

நன்றாக வாசிக்கிறவரைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள் முகம் சுளிக்காமல் வந்து உட்காரும் நண்பர்கள் போதும். ஆர்க்டிக் மங்கீஸில் மேட் ஹெல்டர்ஸ் டிரம்ஸ் எடுத்ததே, மற்ற வாத்தியங்களுக்கு ஆள் அமைந்து அது ஒன்று மட்டும் மிஞ்சியதால்தான். அந்தக் குழுவின் வேகத்துக்குப் பாதிக் காரணம் அவர் கை என்று நான் நினைக்கிறேன். இரண்டு கிட்டார், ஒரு பேஸ் (கனத்த, தாழ்ந்த ஒலி தரும் கிட்டார்), டிரம்ஸ், கிட்டார் வாசிப்பவர்களில் ஒருவரே பாடகர். இதற்கு மேல் ஆள் வேண்டாம்.

படி 2: அறைக்குள் என்ன செய்வது

அவர்கள் ஷெஃபீல்டின் நீப்செண்ட் பகுதியில், யெல்லோ ஆர்ச் என்ற ஸ்டுடியோவில் பயிற்சி எடுத்தார்கள். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்தக் கட்டத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அறைக்குள் போனதும் ஆளாளுக்கு ஆம்பை (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியை) திருகாதீர்கள். முதலில் பாடகர் மைக்கில் பாடட்டும். ஸ்பீக்கர் கீச்சென்று அலறத் தொடங்கும் இடம் வரை மைக்கை ஏற்றி, அதிலிருந்து சற்று இறக்குங்கள். குரலுக்கு அதுதான் எல்லை. பிறகு டிரம்ஸ். அதற்குத் திருகு கிடையாது, கையின் பலம்தான் அளவு. குரலை மூழ்கடிக்காமல் வாசிக்கப் பழக வேண்டும். அப்புறம் பேஸ், கடைசியாகக் கிட்டார்கள். தலைகீழாகச் செய்தால் கால் மணி நேரத்தில் பாட்டு காணாமல் போய் இரைச்சல்தான் மிஞ்சும்.

அடுத்து, கிட்டார்காரர்கள் இருவரும் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். டிரம்ஸில் காலால் அடிக்கிற கிக்கும் பேஸும் மட்டும் ஒலிக்கட்டும். கால் விழும் அதே நொடியில் பேஸ் தந்தி ஒலிக்க வேண்டும். இரண்டும் ஒட்டிப் போனால் நெஞ்சில் ஒரே அடியாக விழும், பிசகினால் 'தடதட' என்று இரட்டையாகக் கேட்கும். சீராகத் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை மெதுவாக வைத்து, ஒட்டிய பிறகே வேகம் கூட்டுங்கள்.

துடிப்பான பாட்டு என்றால் வேகம் மட்டும் என்று எண்ண வேண்டாம். நால்வரும் ஒரே நொடியில் சட்டென்று நின்று, ஒரே நொடியில் மறுபடி பாய்வதில்தான் கேட்கிறவனுக்குச் சிலிர்க்கிறது. அந்த நிறுத்தத்தை மட்டும் தனியாக இருபது முறை செய்து பாருங்கள்.

படி 3: சொந்தப் பாட்டு

ஆரம்பத்தில் மற்றவர்கள் பாட்டை வாசிப்பதில் தப்பில்லை. ஆனால் சொந்தமாக எழுதும்போது உங்கள் தெருவைப் பாருங்கள். நைட் கிளப் வாசல் காவலாளிகள், நள்ளிரவு டாக்ஸி, சனிக்கிழமை இரவுச் சண்டை, இவைதான் டர்னரின் முதல் பாடல்கள். நீப்செண்டில் பயிற்சி அறையைச் சுற்றி இரவில் நடந்த பாலியல் தொழிலைப் பார்த்து எழுதிய பாட்டு, 2006 ஜனவரியில் அவர்களுக்கு இரண்டாவது முதலிடத்தைக் கொடுத்தது. அதையும் தன் ஷெஃபீல்டு பேச்சு மாறாமல் பாடினார். அந்த உச்சரிப்பை அவர் மழுப்பியிருந்தால் இந்தப் பாட்டுகள் இத்தனை பேர் மனதில் தைத்திருக்காது என்றே நம்புகிறேன்.

படி 4: மேடைக்குத் தேதி குறிப்பது

எல்லாம் சரியானதும் ஏறலாம் என்று காத்திருந்தால் ஏறவே மாட்டீர்கள். அவர்களுடைய முதல் நிகழ்ச்சி 2003 ஜூன் 13-ல், ஷெஃபீல்டில் தி கிரேப்ஸ் என்ற சின்ன பப்பில் நடந்தது. நீங்களும் அரை மணி நேரத்துக்குப் பாட்டு தேறியதும் ஒரு சின்ன இடம் பார்த்துத் தேதி சொல்லிவிடுங்கள்.

படி 5: பாட்டைக் கொடுத்துவிடுவது

என் மனதுக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. ஆர்க்டிக் மங்கீஸ் டெமோ, அதாவது மாதிரிப் பாடல்கள், பதிவு செய்து, சிடியில் எழுதி, நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் கையில் காசு வாங்காமல் கொடுத்தார்கள். சிடி எல்லோருக்கும் போதவில்லை. கிடைத்தவர்கள் கணினியில் ஏற்றி இணையத்தில் பகிர்ந்தார்கள். அந்நாளைய சமூக வலைத்தளமான மைஸ்பேஸில் அவர்களுக்குப் பக்கம் திறந்ததும் ரசிகர்கள்தான், குழுவுக்கு அது தெரியாது. ஆல்பம் வரும் முன்பே கூட்டம் வரிக்கு வரி சேர்ந்து பாடியது.

இன்றைக்கு சிடி வேண்டாம். மூன்று பாட்டைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றி, அதன் கியூஆர் குறியீட்டைச் சின்ன அட்டையில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். போனிலேயே பதிவு செய்தாலும் சரி, குரல் தெளிவாகக் கேட்டால் போதும்.

படி 6: கம்பெனி வந்தால்

"இந்த இடத்தை மாற்று, அந்த வரியை எடு" என்று பாட்டில் கை வைக்க வந்த இசை நிறுவனங்களுக்கு அவர்கள் வளைந்து கொடுக்கவில்லை. 2005 மே மாதம் சொந்த லேபிளில் (இசை வெளியீட்டு நிறுவனத்தில்) 500 சிடியும் 1,000 வினைல் தட்டும் மட்டும் போட்டார்கள். ஜூனில் டொமினோவோடு ஒப்பந்தம் செய்தார்கள். லாரன்ஸ் பெல் தன் வீட்டிலிருந்து நடத்திய சுயாதீன நிறுவனம் அது. தனக்குப் பிடித்த குழுவை மட்டுமே எடுப்பார். 2006 ஜனவரி 23-ல் வந்த முதல் ஆல்பம் பிரிட்டனில் ஒரே வாரத்தில் 3,63,735 பிரதிகள் விற்றது.

அதே ஆண்டு, களைப்பு காரணமாக அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குப் போகாத பேஸ் கலைஞர் ஆண்டி நிக்கல்சன், அப்படியே குழுவை விட்டும் விலகினார். நிக் ஓமேலி அந்த இடத்துக்கு வந்தார். எனவே சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் இந்த நாட்களிலேயே, பாட்டு யார் பெயரில், வருமானம் எப்படிப் பங்கு, ஒருவர் விலகினால் என்ன என்று ஒரு தாளில் எழுதி, நாலு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.