வாழ்க்கைக் குறிப்பா, வரலாறா? எழுதும்போது சறுக்கும் இடங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி கடை வைத்திருப்பவனுக்கு வாழ்க்கைக் குறிப்பு பழகிப்போன சரக்கு. பணி ஓய்வு மலர், மணிவிழா அழைப்பிதழ், புத்தகத்தின் பின்னட்டை, காரிய பத்திரிகை என்று ஏதாவது ஒன்றுக்கு வந்துகொண்டே இருக்கும். போன மாதம் ஒரு கணக்கு ஆசிரியரின் ஓய்வு மலருக்கு நான்கு முழுத்தாளில் எழுதிக் கொண்டுவந்தார்கள். மலரில் இருந்த இடமோ அரைப் பக்கம்.

தலைப்பிலேயே ஒரு சறுக்கல்: 'வாழ்க்கை குறிப்பு'. நடுவில் 'க்' வேண்டும், வாழ்க்கைக் குறிப்பு. அதுகூடப் பரவாயில்லை, தட்டும்போது போட்டுவிடலாம். குறிப்பு என்ற சொல்லையே மறந்துவிடுவதுதான் பெரிய பிழை. சமையல் குறிப்பில் அளவும் பக்குவமும்தான் இருக்கும், சாப்பிட்டவர் பாராட்டியது இருக்காது. அதே கணக்குதான் இதற்கும். விரித்துச் சொன்னால் அது வாழ்க்கை வரலாறு. (நாட்குறிப்பு மட்டும் விதிவிலக்கு. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதியதும் பெயரளவில் குறிப்புதான்!)

பயோடேட்டாவோடு குழப்புகிறவர்களும் உண்டு. வேலைக்கும் வரன் பார்க்கவும் கொடுப்பது அது. உயரம், நட்சத்திரம், சம்பளம் எல்லாம் அங்கே சரி. ஒரு கவிஞரின் பின்னட்டைக் குறிப்பில் ரத்த வகையைப் பார்த்திருக்கிறேன்.

அதிகம் சறுக்குவது ஊர் விஷயத்தில். பிறந்த ஊர் வேறு, சொந்த ஊர் வேறு. புதுமைப்பித்தன் 1906-இல் பிறந்தது இங்கே திருப்பாதிரிப்புலியூரில். குடும்பத்துக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. ஒன்றை மட்டும் எழுதினால் பாதிதான். அவர் இயற்பெயர் சொ. விருத்தாசலம் என்பதைப் பார்த்துவிட்டு, பிறந்ததே விருத்தாசலத்தில் என்று எழுதி வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஜெயகாந்தன் 1934-இல் எங்கள் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். 'கடலூர் மாவட்டத்தில் பிறந்தார்' என்று எழுதினால் அப்போது அப்படி ஒரு மாவட்டமே கிடையாது. தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்து கடலூர் மாவட்டம் வந்தது 1993-இல். 'இன்றைய கடலூர் மாவட்டம்' என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது.

வினைச்சொல்லும் காலை வாரும். பாரதிதாசன் 1964-இல் மறைந்தார், அவருக்குச் சாகித்ய அகாதெமி விருது 1969-இல். 'விருது பெற்றார்' என்று எழுதினால் இறந்தவர் மேடை ஏறியதுபோல் ஆகிவிடும். 'மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது' என்பதுதான் சரி.

அப்புறம் அந்த 'இவர்'. இவர் பிறந்தார், இவர் படித்தார், இவர் மணந்தார் என்று வரிக்கு வரி வேண்டாம். தமிழில் 'பிறந்தார்' என்பதிலேயே ஆள் இருக்கிறார். தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுப்பவர்கள் முதல் வரியில் 'இவர்', மூன்றாம் வரியில் 'எனது தந்தை' என்று மாறுவதும் நடக்கும். ஏதாவது ஒன்று, கடைசிவரை.

பிறந்த தேதியை வீட்டில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக வாத்தியார் போட்ட தேதி ஒன்று, ஜாதகத்தில் வேறொன்று என்று பழைய ஆட்கள் பலருக்கு இரண்டு உண்டு. ஓய்வு மலருக்குச் சான்றிதழ்த் தேதி போதும். மணிவிழாவுக்கு நட்சத்திரம் பார்ப்பதால் ஜாதகத் தேதிதான் செல்லும்.

சரி, அந்தக் கணக்கு ஆசிரியர். நான்கு தாளிலும் 'தன்னலமற்ற', 'ஒப்பற்ற', 'ஈடு இணையற்ற' என்று அற்றவைகளாகவே இருந்தன. பிரூப் பார்க்க வந்த அவர் மகன், "அப்பா தினமும் எட்டு மணிக்கே போயிடுவாருங்க, கணக்கு வராத பசங்கள உக்கார வச்சி சொல்லித்தர" என்றார். நான்கு தாளில் எங்கும் இல்லாத வரி அது. மற்றதைச் சுருக்கி, மூன்று 'அற்ற'வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதைப் போட்டேன், அரைப் பக்கத்தில் அடங்கியது.