மகா உபத்திரவத்தைப் போதிக்கத் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். வசனம் பேச ஒரு இளம் தம்பி வந்திருந்தார். உலக முடிவுக்கு முன் வரும் என்று சொல்லப்படுகிற பெரும் துன்பகாலமான மகா உபத்திரவத்தைப் பற்றிப் பேச மத்தேயு 24-ஐத் திறந்தார். பத்து நிமிடத்துக்குள் வெள்ளம், கொரோனா, பெட்ரோல் வரிசை, காசா யுத்தம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கி, "நாங்க இப்ப மகா உபத்திரவத்துக்குள்ளதான் நிக்கிறம்" என்று முடித்தார். பின்னால் பாயில் இருந்த ஒரு வயதான அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். ஆவியானவர் அசைவாடுகிறார் என்று நினைத்தோ என்னவோ, தம்பி குரலை இன்னும் உயர்த்தினார்.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. இருபது வருடத்துக்கு முன்னால் அதே அதிகாரத்தை, அதே குரலில், நானும் பேசியிருக்கிறேன்.

கிறிஸ்துவின் வருகைக்கு நாள் குறிக்கக் கூடாது, கனவில் கண்டதை வசனத்தோடு கலக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல மனதோடு, ஜெபித்து, வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே செய்கிற தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

நடந்த அழிவை எடுத்து அட்டவணையில் ஒட்டுவது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடல் எழும்பி வந்ததைக் கிழக்கிலங்கையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாவலடி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடந்த மணல் திட்டு. ஓட இடமில்லை. கல்முனைக் கரையையும் சேர்த்து அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

ஜனவரி முதல் கிழமை, அகதி முகாமாக மாறியிருந்த ஒரு பாடசாலைக்கு நாங்கள் சிலர் அரிசியும் உடுப்பும் கொண்டுபோனோம். கொடுத்து முடிந்ததும் "ஒரு வார்த்தை பேசுங்க" என்றார்கள். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. வகுப்பறைக் கரும்பலகையில் போன தவணைக் கணக்கு ஒன்று அழியாமல் இருந்தது. அதைக் கையால் துடைத்துவிட்டு, சோக்குக் கட்டியால் நீளமாக ஒரு கோடு போட்டேன். ஏழு வருடம். நடுவில் ஒரு வெட்டு. இந்தப் பக்கம் 42 மாதம், அந்தப் பக்கம் 42 மாதம். பிறகு மத்தேயு 24:20-ஐ வாசித்தேன்: "நீங்கள் ஓடிப்போவது மாரிகாலத்திலாவது, ஓய்வுநாளிலாவது, சம்பவியாதபடிக்கு வேண்டிக்கொள்ளுங்கள்."

மார்கழி மாதம், எங்களுக்கு நல்ல மாரி. அன்று ஞாயிறு. இரண்டும் பொருந்திவிட்டது என்று எனக்குள் ஒரு துள்ளல். "பாருங்க, மாரிகாலம். பாருங்க, ஓய்வுநாள்" என்று கோட்டின் தொடக்கத்தில் இரண்டு வட்டம் போட்டேன். லூக்கா 21:25-இல் வருகிற "சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும்" என்பதையும் பக்கத்தில் எழுதினேன்.

முன்னால் நிலத்தில் இருந்த ஒரு அக்கா கேட்டார்: "அப்ப என்ட புள்ளையள் ரெண்டும் வசனம் நிறைவேறத்தானா தம்பி செத்தது?"

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. கையில் சோக்குத் தூள் ஒட்டியிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் அந்த அதிகாரத்தை ஒழுங்காக வாசித்தேன். அங்கே என்ன இருக்கிறது? சீஷர்கள் தேவாலயத்துக் கட்டடங்களைக் காட்டுகிறார்கள். இயேசு, இவற்றில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறார். அது எப்போது என்று ஒலிவமலையில் வைத்துக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வருகிற பதிலில்தான், 21-ஆம் வசனத்தில், மிகுந்த உபத்திரவம் என்ற சொல் இருக்கிறது. அதற்கு முன் 15-ஆம் வசனத்தில் தானியேல் சொன்ன "பாழாக்குகிற அருவருப்பு" பரிசுத்த ஸ்தலத்தில் நிற்க வேண்டும். ஓடச் சொல்வது "யூதேயாவிலிருக்கிறவர்களை". லூக்கா இதே இடத்தை இன்னும் வெளிப்படையாக எழுதுகிறார்: எருசலேம் சேனைகளால் சூழப்பட்டிருப்பதைக் காணும்போது அதன் அழிவு சமீபம். கி.பி. 70-இல் ரோமத் தளபதி தீத்து எருசலேமை வளைத்துப் பிடித்துத் தேவாலயத்தை எரித்தான். உள்ளே அகப்பட்ட சனம் பசியால் பட்ட பாட்டை யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதிவைத்திருக்கிறார்.

அந்த அதிகாரம் முழுவதும் அப்போதே நிறைவேறிவிட்டது என்கிற வேத அறிஞர்கள் உண்டு. அது ஒரு முன்னடையாளம், முடிவில் இன்னொன்று வரும் என்கிறவர்களும் உண்டு. இரண்டு பக்கத்தில் எதை எடுத்தாலும் நாவலடிக்கு வந்த அலை அந்த வசனத்துக்குள் அடங்காது. யுத்தங்களையும் பூமியதிர்ச்சிகளையும் சொன்ன இடத்திலேயே "ஆனாலும், முடிவு உடனே வராது" என்று 6-ஆம் வசனமும், "இவைகளெல்லாம் வேதனைகளுக்கு ஆரம்பம்" என்று 8-ஆம் வசனமும் தடுப்புப் போடுகின்றன. அந்தத் தடுப்பைத் தாண்டிக் குதித்துத்தான் நான் 21-ஆம் வசனத்துக்குப் போனேன்.

மாரிகாலம், ஓய்வுநாள் என்றதற்கு அடுத்த மேல்வரியைப் பாருங்கள். "கர்ப்பவதிகளுக்கும் பால்கொடுக்கிறவர்களுக்கும் ஐயோ." வயிற்றுப்பிள்ளையோடு ஓடுகிறவள் மழையில் நனைந்து சேற்றில் விழக்கூடாதே என்று ஆண்டவர் பதைக்கிறார். அதனால்தான் ஜெபிக்கச் சொல்கிறார். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்க்கு முன்னால் நின்றுகொண்டு, அந்த ஐயோவை நான் பொருத்தம் பார்க்கிற குறிப்பாக்கினேன். இன்றுவரைக்கும் எனக்கு ஆறாதது அதுதான்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசியது லூக்கா 13-இல் இருக்கிறது. அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே சொல்கிறார். உயிரோடிருக்கிறவர்களைப் பார்த்து மனந்திரும்பச் சொல்கிறார். செத்த பதினெட்டுப் பேருக்கு எந்தப் பெயரும் சூட்டவில்லை.

அந்த வகுப்பறையில் நான் போட்ட கோட்டை ஒரு மீனவர் மனதில் எழுதிக்கொண்டார். 2004-உம் ஏழும் 2011. அவர் என் கூட்டத்துக்கு ஒழுங்காக வந்தவர். நிவாரண வீட்டுக்குப் பதிய ஆட்கள் வந்தபோது, "ஏழு வருசத்துக்கு எதுக்குக் கல்வீடு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு அது பிந்தித்தான் தெரிய வந்தது. 2011-இல் அமெரிக்காவில் ஹரோல்ட் கேம்பிங் என்ற வானொலிப் போதகர் மே 21 என்று நாள் குறித்தபோது அவருடைய நம்பிக்கை இன்னும் உறுதியானது. மே போனது, அந்த வருடமும் போனது. தகரக் கொட்டிலில் குடும்பத்தோடு இருந்துகொண்டு, வேதம் பொய் என்று சொல்லிவிட்டுச் சபையை விட்டுப் போனார். நான் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தார். திரும்பி வரவில்லை.

கிறிஸ்து வருகிற நாள் என்று 1844 அக்டோபர் 22-க்காகக் காத்திருந்த அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லரின் ஆட்களிலும் பலர் அறுவடையை வயலிலேயே விட்டுவிட்டிருந்தார்கள். தெசலோனிக்கேயிலும் இதுதான் நடந்தது. கிறிஸ்துவின் நாள் கிட்டிவிட்டது என்று கேட்டுக் கலங்கினவர்களுக்குப் பவுல் கடிதம் எழுதுகிறார். அதே கடிதத்தின் 3-ஆம் அதிகாரத்தில், வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று எழுத வேண்டி வந்தது. இந்த இரண்டையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள், மீனவரின் கல்வீடு தெரியும்.

2022-இல் காஸ் சிலிண்டருக்காக இரவிரவாகச் சனம் வரிசையில் நின்றபோது, வெளிப்படுத்தின விசேஷம் 6-ஆம் அதிகாரத்துக் கறுப்புக் குதிரை வந்துவிட்டது என்று பேசினவர்களைக் கேட்டேன். ஒரு பணத்துக்கு ஒருபடி கோதுமை. பணம் என்றால் தெனாரியு, ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். அந்த வசனத்தை எடுத்துக்கொண்டு, கூலி போதாமல் நிற்கிறவனுக்கு ஒருபடி அரிசி கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். குதிரையின் நிறத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

"ஏழு வருட உபத்திரவம்" என்று வசனம் இருப்பதாகச் சொல்வது

அந்தச் சொற்றொடர் வேதத்தில் எங்கும் இல்லை. தானியேல் 9-இல் எழுபது வாரங்கள் வருகின்றன. வாரம் என்பதை ஏழு வருடமாக எடுத்தால் 490 வருடம். அதில் கடைசி வாரத்தைப் பிரித்து எதிர்காலத்துக்குத் தள்ளிவைத்தால்தான் இந்த ஏழு வருடம் கிடைக்கும். அந்த வாரத்தின் பாதி மூன்றரை வருடம். வெளிப்படுத்தின விசேஷத்தில் இதே அளவு 42 மாதம், 1260 நாள், "ஒருகாலமும், காலங்களும், அரைக்காலமும்" என்று மூன்று விதமாக வருகிறது. மாதத்துக்கு முப்பது நாள் வைத்தால் கணக்குச் சரி. இது மதிக்கத்தக்க ஒரு வாசிப்பு, நானும் நெடுங்காலம் அதையே பிடித்திருந்தேன். ஆனால் கேட்கிறவர்களிடம், இது வசனம், இது நாங்கள் கூட்டிப் பார்த்த கணக்கு என்று பிரித்துச் சொல்லுங்கள். அதே தானியேல் 12-ஆம் அதிகாரத்தில் 1290 நாளும் 1335 நாளும் இருக்கின்றன. கூட்டத்தில் யாராவது அதைக் கேட்டால் விழிக்காமல் இருக்கவும் இது உதவும்.

உபத்திரவத்தையும் கோபாக்கினையையும் ஒன்றாக்குவது

"உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு, ஆனாலும் திடன்கொள்ளுங்கள்" என்று யோவான் 16:33-இல் ஆண்டவர் தம்முடையவர்களுக்குச் சொல்கிறார். அநேக உபத்திரவங்களின் வழியாகத்தான் தேவனுடைய ராஜ்யத்துக்குள் போக வேண்டும் என்று அப்போஸ்தலர் 14:22. கோபாக்கினை வேறு, அது தேவகோபத்தின் தண்டனை. 1 தெசலோனிக்கேயர் 5:9-இன்படி விசுவாசி அதற்கு நியமிக்கப்பட்டவனல்ல.

இதைக் குழப்பினால் என்ன நடக்கும் என்றால், பாடுபடுகிற விசுவாசி தன்மேல் தேவகோபம் இருப்பதாக நினைக்கத் தொடங்குவார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் சிறுபிள்ளைகளும் இரத்தம் சிந்தினார்கள். அந்தக் கிழமை யாராவது அந்தப் பெற்றோரிடம் போய்க் கோபாக்கினை என்று வாய்தவறிச் சொல்லியிருந்தால்? சொல்லைக் கவனித்துப் பாவியுங்கள்.

தன் சபை சொல்வதுதான் ஒரே போதனை என்று நினைப்பது

சபை உபத்திரவத்துக்கு முன் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று எங்கள் பெந்தெகொஸ்தே சபைகளில் கேட்டு வளர்ந்தோம். நடுவில் என்கிறவர்களும் உண்டு. பின்னால் என்கிறவர்கள் மத்தேயு 24:29-இல் "அந்நாட்களின் உபத்திரவம் முடிந்தவுடனே" என்பதைக் காட்டுவார்கள். கடைசிப் பெரிய சோதனையினூடாகத் திருச்சபை போக வேண்டும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 675-ஆம் எண்ணில் சொல்கிறது.

முந்தி எடுத்துக்கொள்ளப்படுதல் என்ற போதனையை ஒரு முறைமையாக்கிப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி, 1830-களில். 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் விளக்கவுரை வேதாகமம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த ஊழியர் மட்டக்களப்பில் வந்திறங்கிய 1814-இல் டார்பி பதின்மூன்று வயதுப் பையன். இந்த ஊரில் சுவிசேஷம் கேட்ட முதல் மெதடிஸ்தக் குடும்பங்கள் நம்முடைய அட்டவணையைப் பாராமலே ஆண்டவருடைய வருகைக்குக் காத்திருந்து கண்மூடினார்கள். பக்கத்து வீட்டு மெதடிஸ்த அம்மாவை "அவங்களுக்கு வருகை பற்றித் தெரியாது" என்று சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

666-ஐக் கைத்தொலைபேசியில் தேடுவது

2022-இல் எரிபொருளுக்குக் கியூஆர் குறி வந்தபோது அதுதான் கடைசிக் காலத்தில் வருகிற மிருகத்தின் 666 முத்திரை என்று மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு நடந்த ஒரு பெடியனை எனக்குத் தெரியும். வெளிப்படுத்தின விசேஷம் 13-உம் 14-உம் முத்திரையை வணக்கத்தோடு சேர்த்தே சொல்கின்றன: மிருகத்தை வணங்கி, அதன் முத்திரையைத் தரிப்பது. நீங்கள் பெட்ரோல் செட்டில் யாரையும் வணங்கவில்லை.

தானியேலைப் படிக்காமல் வெளிப்படுத்தின விசேஷத்துக்குப் போவது

போகாதீர்கள். பன்னிரண்டே அதிகாரம்.

சின்னப் பிள்ளைகளை இருத்தி வைத்துப் பயமுறுத்துவது

கூடாது. எடுத்துக்கொள்ளப்படுதலைச் சொன்ன பவுல் அடுத்த வசனத்திலேயே "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்றார்.

அந்தத் தம்பி

கூட்டம் முடிந்து பாய் சுருட்டும்போது அவரைக் கூப்பிட்டுக் கரும்பலகைக் கதையைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "அப்ப நான் இனி என்னத்தப் பேசுற அண்ணன்?" என்று கேட்டார். வெளிப்படுத்தின விசேஷம் 2-இல் சிமிர்னா சபைக்கு எழுதிய நாலு வசனத்தை மட்டும் எடுங்கள் என்றேன். "நீ படப்போகிற பாடுகளைக்குறித்து எவ்வளவும் பயப்படாதே" என்று தொடங்கி, "பத்துநாள் உபத்திரவப்படுவீர்கள்" என்று சொல்லி, ஜீவகிரீடத்தில் முடிகிற 10-ஆம் வசனம் அதற்குள்தான் இருக்கிறது.

அடுத்த வெள்ளி வந்தார். கோடு எதுவும் போடவில்லை. மெதுவாக வாசித்தார். அந்த வயதான அம்மா அன்றைக்கு முன்வரிசையில் இருந்தார். இடையில் கை உயர்த்தி, "எந்தப் பத்து நாள் மகன்?" என்று கேட்டார்.

"தெரியாதம்மா" என்றார் தம்பி. "பத்து என்டு எண்ணி வச்சிருக்கு."

அந்த அம்மா வசனத்தைத் திரும்ப ஒருக்கா வாசிக்கச் சொன்னார்.