பிஸென் சாக்கே குடுவையைத் தேர்ந்தெடுத்துப் பேணும் முறை

ஜப்பானின் ஒகாயாமா மாநிலத்தில், பிஸென் நகரின் இம்பே பகுதியில், நெல்வயல்களுக்கு அடியிலிருந்து எடுக்கப்படும் இரும்புச்சத்து மிகுந்த களிமண்ணால் வனையப்படும், சாக்கே எனும் ஜப்பானிய அரிசி மதுவுக்கான குடுவைகளுக்குப் பளபளப்பான மேற்பூச்சு கிடையாது. செம்பைன் விறகு எரியும் சூளையில், பொதுவாக 10 முதல் 14 நாள்கள் வரை, 1200 பாகை செல்சியஸைத் தாண்டும் வெப்பத்தில் வெந்து இறுகிய வெறும் மண் அது. பீங்கானைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது போல இதைக் கையாள முடியாததற்கு அதுவே காரணம்.

வாங்கும்போது நிறத்தைவிட மேற்பரப்பைக் கவனிக்க வேண்டும். விறகுச் சாம்பல் மண்ணின்மீது படிந்து உருகிய இடங்களில் எள் தூவியதைப் போன்ற புள்ளிகள் தோன்றும். இதை ‘கோமா’ என்கிறார்கள். கலத்தின்மீது வைக்கோலைச் சுற்றிச் சாம்பல் படாத இடத்தில் வைத்துச் சுடும்போது, வைக்கோலின் காரமும் மண்ணின் இரும்பும் வினைபுரிந்து செந்நிறக் கோடுகளாகின்றன; இது ‘ஹிதாசுகி’. கோமா படிந்த விளிம்பு சில வேளைகளில் உதட்டை உறுத்தும் என்பதால், குடிக்கும் கிண்ணமான குய்னோமியை ஹிதாசுகியிலும், ஊற்றும் குடுவையான தொக்குரியைக் கோமாவிலும் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து. தொக்குரியில் தண்ணீர் நிரப்பி ஊற்றிப் பார்க்க விற்பனையாளர் அனுமதித்தால், ஊற்றி நிமிர்த்தியதும் கழுத்து வழியே சொட்டு வழிகிறதா என்று பார்க்கலாம். அடிப்பாகம் சொரசொரப்பாக இருந்தால், மேசையில் கீறல் விழாதபடி நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு முறையும் சாக்கேயை ஊற்றுவதற்கு முன் கலங்களைச் சிறிது நேரம் தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். நீரை முதலில் உறிஞ்சிக்கொண்ட மண்ணில் சாக்கேயின் மணமும் கறையும் எளிதில் ஏறுவதில்லை; ஈரம் பட்டதும் மங்கிய பழுப்பு ஆழ்ந்த செம்பழுப்பாக மாறுவதையும் காணலாம். விலை உயர்ந்த கலம் என்று மரப்பெட்டியிலேயே பூட்டி வைப்பவர்கள் இந்த நிறத்தைப் பார்ப்பதே இல்லை.

சூடாக்க வேண்டுமெனில் கொதிநீரை அடுப்பிலிருந்து இறக்கி, கழுத்துவரை மட்டும் சாக்கே நிரப்பிய தொக்குரியை அதன் தோள் மூழ்கும்படி வைக்க வேண்டும். 40 பாகையில் இளஞ்சூடு, 50 பாகையில் நல்ல சூடு. சுவர் தடித்த குடுவையில் சூடு மெதுவாகவே ஏறும் என்பதால் வெப்பமானி ஒன்று உதவும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த குடுவையை உடனே வெந்நீரில் வைத்தால் விரிசல் விடலாம். நேரடித் தீயிலும் வைக்கக் கூடாது.

பயன்படுத்தி முடித்ததும் வெந்நீரும் மென்மையான பஞ்சும் போதும். குறுகிய வாயுடைய தொக்குரியில் பாதியளவு வெந்நீர் விட்டுக் குலுக்கிக் கொட்டி, நீர் வடிந்த பின் நிமிர்த்திக் காற்றோட்டமான இடத்தில் சில நாள்கள் உலரவிட வேண்டும். உள்ளே ஈரம் இருக்கும்போது பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அப்படிப் பிடித்துவிட்டால், கலத்தைக் குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து மெல்லச் சூடேற்றிச் சற்று நேரம் கொதிக்கவிட்டு, அந்த நீரிலேயே ஆறவைத்து, பிறகு வெயிலில் காயவைக்கலாம்.