மைவி காரின் பக்கக் கண்ணாடி மூடியைக் கார்பன் ஃபைபரில் வீட்டிலேயே செய்வது

கார்பன் ஃபைபர் பாகம் செய்யக் கற்றுக்கொடுக்கச் சொல்லி வரும் தம்பிகள் முதலில் கார்பன் இழைத் துணியின் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் கேட்பது, அச்சுக்கு எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறாய் என்று. துணி போடுவது ஒரு காலைப் பொழுது வேலை. அச்சு எனக்கு மூன்று சனி, ஞாயிறு பிடித்தது. பாகத்தின் வடிவமும் பளபளப்பும் அச்சிலிருந்து வருகின்றன. அச்சில் ஒரு கீறல் இருந்தால் அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பாகத்திலும் அந்தக் கீறல் இருக்கும்.

நான் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறேன். பக்கத்தில் பிறை என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை. கார் நிற்கும் போர்ச்தான் என் பட்டறை. செப்பாங்கில் எஃப்1 கார்ப் பந்தயம் நடந்த காலத்தில் (1999 முதல் 2017 வரை) இரண்டு முறை போய்ப் பார்த்ததில் பிடித்த பைத்தியம் இது. அந்தக் கார்களின் பாகங்கள் ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த அடுப்பில் வெந்து வருபவை. போர்ச்சில் அந்த உறுதி கிடைக்காது. அதனால் சக்கரம், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் பிடிமானம், ஏர்பேக் மூடி எதையும் வீட்டில் செய்யாதீர்கள். பானட்டை மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) விசாரித்துவிடுங்கள். பக்கக் கண்ணாடியின் மூடி சின்னது, உடைந்தாலும் ஆளுக்கு ஆபத்தில்லை. முதல் வேலைக்கு அதுதான் சரி.

சொந்தக் காரின் மூடியில் கை வைக்க வேண்டாம். ஹாஃப்கட் கடையில் (பழைய கார் பாகங்கள் விற்கும் கடை) பழைய மூடி ஒன்று வாங்குங்கள். பெயின்ட் உரிந்திருந்தால் பரவாயில்லை, நெளிவு இருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கிளிப்புகள் முழுசாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியில் அவை தேவைப்படும்.

அந்த மூடியை 400, 800, 1500, 2000 என்று தண்ணீர் விட்டு மணல்தாள் போட்டுப் பாலிஷ் செய்யுங்கள். வழவழப்பான மெலமைன் பலகையில் கவிழ்த்து ஒட்டி, விளிம்போரச் சந்துகளைக் களிமண்ணால் நிரப்புங்கள். மூடியைச் சுற்றிப் பலகை ஐந்து சென்டிமீட்டராவது வெளியே தெரிய வேண்டும். பின்னால் வேக்கும் பையை (காற்றை உறிஞ்சித் துணியை அச்சோடு அழுத்தும் பிளாஸ்டிக் பை) ஒட்ட அந்த ஓரம்தான் இடம் தரும். மூடி எங்காவது உள்பக்கமாக வளைந்து போகிறதா என்று மேலே இருந்து நேராகப் பாருங்கள். அப்படி ஒரு வளைவு இருந்தால் அச்சு கழன்று வராது. அங்கேயும் களிமண் வைத்துச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது வேக்ஸ். மோல்டுக்கென்று விற்கும் வேக்ஸை ஆறு முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சையும் துடைத்துப் பளபளப்பாக்கி, அரை மணி நேரமாவது விட்டு அடுத்ததைப் பூசுங்கள். இதில் அவசரப்பட்டு என் முதல் அச்சை இழந்தேன். இரண்டு பூச்சு போதும் என்று நினைத்தேன். அச்சும் மூடியும் ஒன்றாகிவிட்டன, சுத்தியலால் தட்டி எடுத்ததில் இரண்டுமே போயின. இப்போது வேக்ஸ் போட்ட பிறகு பிவிஏ என்னும் தண்ணீரில் கரையும் பூச்சையும் மெல்லியதாகத் தடவுகிறேன்.

பிவிஏ காய்ந்ததும், அச்சின் வழவழப்பான மேற்பரப்பாகும் ஜெல்கோட் இரண்டு பூச்சு. முதல் பூச்சைத் தொட்டால் விரல் ரேகை பதிய வேண்டும், விரலில் எதுவும் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் இரண்டாவதைப் பூசுங்கள். அதன் மேல் பாலியெஸ்டர் ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) நனைத்த கண்ணாடி இழை மேட்: முதலில் 300 கிராம் மேட் ஒன்று, அது இறுகிய பிறகு 450 கிராம் மேட் இரண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் சூடேறி அச்சு சுருங்கும். பாலியெஸ்டரை இறுக வைக்கும் ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். இரண்டு நாள் விட்டு, பிளாஸ்டிக் ஆப்பு செருகி, விளிம்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் பிவிஏ கரைந்து அச்சு கழன்று வரும். அச்சின் உட்புறத்தையும் மணல்தாள் போட்டுப் பாலிஷ் செய்து, மறுபடியும் ஆறு பூச்சு வேக்ஸ்.

இப்போதுதான் கார்பன். 3கே (ஒரு கற்றையில் மூவாயிரம் இழை), ட்வில் என்னும் சாய்கோட்டு நெசவு, சதுர மீட்டருக்கு 200 கிராம் துணி வாங்குங்கள். ட்வில் வளைவுகளில் படிந்து போகும். சாதா நெசவு மூலைகளில் முரண்டு பிடிக்கும். துணியை மடிக்காமல் குழாயில் சுருட்டி வையுங்கள். வெட்ட வேண்டிய கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் நடுவே வெட்டினால் நூல் பிரியாது. கார்பன் இரண்டு அடுக்கு, நடுவே மெல்லிய கண்ணாடி இழைத் துணி ஒன்று. கண்ணாடி மூடிக்கு இந்தத் தடிப்பு போதும்.

வேலையைக் காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். கார்பன் துணிக்கு எபாக்சி என்னும் ரெசின். அதன் டப்பாவில் போட்டிருக்கும், கலந்த பிறகு இறுகும்வரையான நேரம் பெரும்பாலும் 25 டிகிரிக்கான கணக்கு. பத்து டிகிரி கூடினால் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நம் ஊர் மத்தியான வெயிலில் அரை மணி நேர ரெசின் கால் மணி நேரம்கூடத் தாங்காது. ஒருமுறை 300 கிராம் ஒரே கப்பில் கலந்து வைத்துவிட்டுப் போன் பேசப் போனேன். வந்து பார்த்தால் கப் நெளிந்து புகைந்துகொண்டிருந்தது. அப்படி நடந்தால் கப்பைத் திறந்தவெளியில் சிமெண்ட் தரையில் வைத்துவிட்டு, புகையை மூச்சிழுக்காமல் விலகி நில்லுங்கள். இப்போதெல்லாம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றி வைக்கிறேன். பரப்பி வைத்தால் சூடு தங்காது.

துணியின் எடைக்கு ஏறக்குறைய சமமான எடை ரெசின் கலவை, சேதாரத்துக்கு அதில் பாதி கூடுதல். என் துணி எல்லாம் சேர்த்து 44 கிராம். என் எபாக்சியின் விகிதம் 100க்கு 30, அதனால் 50 கிராம் ரெசின், 15 கிராம் ஹார்டனர். 0.1 கிராம் காட்டும் தராசு அவசியம். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டாதீர்கள், எபாக்சி கடைசிவரை பிசுபிசுவென்றே நிற்கும்.

அச்சில் மெல்லியதாக ரெசின் பூசி, அது பாகுப் பதத்துக்கு வரும்வரை காத்திருங்கள். அக்கா மகன் விரலால் தொட்டுப் பார்க்க வந்தான். "கையுறை போட்டுக்கோடா" என்றேன். "ஒரு சொட்டுதானே மாமா?" என்றான். ஒரு சொட்டு என்று விட்டுவிட்டுத்தான் பலருக்குத் தோல் அலர்ஜி வருகிறது. ஒருமுறை வந்துவிட்டால் பிறகு எபாக்சி பக்கமே போக முடியாது. நைட்ரைல் கையுறை, நீளக் கை சட்டை, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம்.

முதல் துணியை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி விரலால் நீவிப் படிய வையுங்கள். பிரஷ்ஷால் இழுக்காதீர்கள், நெசவு கோணிவிடும். மேலிருந்து ஒற்றி ஒற்றி எடுங்கள். சாம்பல் நிறமாகத் தெரியும் இடத்தில் ரெசின் இன்னும் இறங்கவில்லை. ரெசின் இறங்கியதும் அந்த இடம் நனைந்த தார் போலக் கறுக்கும், நெசவின் சாய்கோடுகள் பளிச்சென்று எழும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யலாம்.

மற்ற இரண்டு துணிகளும் இப்படியே. அவற்றின் மேலே பீல் பிளை (பின்னால் உரித்தெடுக்கும் துணி), துளையிட்ட படலம், ரெசினை உறிஞ்சும் பஞ்சுத் துணி, அப்புறம் பை. ஏர்கான் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் வேக்கும் பம்ப் போதும். பம்புக்கு முன்னால் ரெசின் பிடிக்க ஒரு டப்பா வையுங்கள். பையின் காற்றை உறிஞ்சி எடுத்ததும் குழாயை மூடிவிட்டு மீட்டரைக் கவனியுங்கள். முள் இறங்கினால் எங்கோ காற்று புகுகிறது, பசை டேப்பின் மடிப்புகளை அழுத்திப் பாருங்கள்.

ஒரு நாள் கழித்து, அச்சோடு சேர்த்துக் கறுப்புப் பெட்டியில் வைத்து வெயிலில் காய வைக்கிறேன். இரண்டு மணிக்குப் பெட்டிக்குள் 58 டிகிரி காட்டியது. இந்தச் சூட்டை முன்பே பார்க்காத எபாக்சி, வெயிலில் கார் நிற்கும்போது இளகி நெசவு தடம் காட்டும்.

விளிம்பை வெட்டும்போது தண்ணீர் விட்டுத் தேயுங்கள், நல்ல தூசி மாஸ்க் போடுங்கள். கார்பன் தூசி மின்சாரம் கடத்தும், சுவிட்ச்சுகளுக்கும் கார் பேட்டரிக்கும் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம். ஈரக் காற்றில் எபாக்சியின் மேல் மெழுகு போன்ற ஒரு படலம் படியும். அதைத் தண்ணீரால் தேய்த்துக் கழுவாமல் எதைப் பூசினாலும் உரிந்துவிடும்.

எபாக்சி வெயிலில் மஞ்சளாகும், அதனால் யூவி தாங்கும் 2கே கிளியர் கோட் (ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமற்ற பூச்சு) வேண்டும். அதை மட்டும் பெயின்ட் கடையில் கொடுத்துவிடுங்கள். அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது.

பழைய மூடியின் கிளிப்புகளை அறுத்தெடுத்து, உள்ளே எபாக்சியால் ஒட்டினால் புது மூடி இடத்தில் போய் உட்காரும். ஒட்டும் முன் காரில் வைத்து அளவு பாருங்கள். வலது பக்க அச்சு இடது பக்கத்துக்கு உதவாது, அதற்குத் தனி அச்சு வேண்டும். இடது மூடியை நேற்றுதான் ஹாஃப்கட் கடையிலிருந்து வாங்கி வந்தேன். 800 மணல்தாள்வரை ஆகிவிட்டது.