ஏசி ஓடுது, வீடு குளிரலை: அவசரத்தில் செய்யக்கூடாத காரியங்கள்

டெக்ஸஸில் வீடு வாங்கிய நம்மாட்கள் ஜூலை மாதம் போன் போட்டுக் கேட்பது ஒரே கேள்விதான். "ஏசி ஓடுது, ஆனா குளிரலையே, கேஸ் தீர்ந்துபோச்சா?" ஊரில் ஸ்பிளிட் ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் ஏற்றிப் பழகிய வாய் அப்படித்தான் கேட்கும். கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகும் சமாசாரம் இல்லை, மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம், அந்த ஓட்டையைத் தேடாமல் மேலே மேலே நிரப்பினால் அடுத்த கோடையில் இதே பில் மறுபடி வரும். அதிலும் பழைய வீட்டில் ஆர்-22 என்ற பழைய வகை கேஸில் ஓடும் மெஷின் இருந்தால் கையைக் கடிக்கும், ஏனென்றால் 2020 ஜனவரியோடு அமெரிக்காவில் அதன் தயாரிப்பும் இறக்குமதியும் நின்றுவிட்டன, இப்போது கிடைப்பது மிச்ச ஸ்டாக்கும் பழைய மெஷின்களிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்ததும்தான். இபிஏ என்கிற அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையின் சான்றிதழ் இல்லாதவர்கள் இந்தக் குழாயில் கை வைக்கவே கூடாது என்பது சட்டம். ஆகவே கேஸைப் பற்றிய கவலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

வீடு 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டதும் தெர்மோஸ்டாட்டை 68-க்கு இறக்குவது அடுத்த தப்பு. நானே செய்திருக்கிறேன். பெரும்பாலான வீட்டு மெஷின்களுக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியும், அவ்வளவுதான். 68 வைத்தால் கூடுதல் ஜில்லென்று ஊதாது, நிற்காமல் ஓடும். அன்று ராத்திரி 68 வைத்துவிட்டுப் படுத்தேன், காலையில் பார்த்தால் காற்று வரும் துவாரமான வென்ட்டில் காற்று பெருமூச்சு மாதிரி வருகிறது. மெஷினின் உள்பாதி இருக்கும் அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள பரணில், ஏறிப் பார்த்தேன். கறுப்பு ஃபோம் சுற்றிய தடித்த செப்புக் குழாயில், ஃபோம் விட்டுப்போன இடத்திலெல்லாம் பழைய ஃபிரிட்ஜின் ஃப்ரீஸர் போல வெள்ளை வெளேர் என்று ஐஸ் படிந்திருந்தது.

ஏன் என்றால் ஃபில்டர் அடைப்பு. உள் மெஷினில் காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருளுக்குக் காயில் என்று பேர். வீட்டுக் காற்று போதுமான அளவு அதன்மேல் படவில்லை என்றால் காயில் 32 டிகிரிக்குக் கீழே போய்விடும், காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் உறையும், உறைந்த ஐஸ் மிச்சக் காற்றையும் மறிக்கும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் கேஸ் ஆவியாகாமல் திரவமாகவே கம்ப்ரஸருக்குத் திரும்பி அதைச் சாகடித்துவிடும், மொத்த மெஷினிலும் விலை கூடிய சாமான் அதுதான். ஐஸைப் பார்த்தால் கூலிங்கை ஆஃப் செய்துவிட்டு ஃபேனை மட்டும் ஆன் என்ற இடத்தில் வையுங்கள். உருக மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம், சில சமயம் முழு நாளும் ஆகும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தி எடுக்கிறேன் என்று இறங்காதீர்கள், ஒரு குத்து தவறிக் காயிலில் ஓட்டை விழுந்தால் அப்புறம் நிஜமாகவே கேஸ் பிரச்சினைதான்.

என் ஃபில்டர் அவ்வளவு சீக்கிரம் அடைத்ததற்குக் காரணமும் நான்தான். தூசி வரக்கூடாது என்று கடையில் இருந்ததிலேயே உசத்தியான மெர்வ் 13 (மெர்வ் எண் கூடக்கூட ஃபில்டர் இன்னும் பொடித் தூசியைப் பிடிக்கும்) வாங்கி ஒரு இன்ச் இடத்தில் செருகியிருந்தேன். அவ்வளவு நெருக்கமான ஃபில்டர் வழியாகக் காற்றை இழுக்க எல்லா மெஷினுக்கும் தெம்பு கிடையாது, மெர்வ் 8 போதும். போதாததற்கு, அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேன் பல வீடுகளில் புகையை வெளியே தள்ளுவதே இல்லை, உறிஞ்சி அப்படியே வீட்டுக்குள்ளேயே விடும். தினமும் தாளிக்கிற வீட்டில் அந்த எண்ணெய்ப் பிசுக்கு ஃபில்டரில் ஒட்டி, அதன்மேல் தூசி அப்பிக்கொள்ளும். மூன்று மாதம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் கோடையில் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆள் இல்லாத அறைகளின் வென்ட்டை மூடிவைத்து மிச்சம் பிடிப்பதாக நினைப்பதும் இதே வகைதான், அதுவும் காற்றோட்டத்தைத்தான் குறைக்கும்.

அடுத்தது தண்ணீர். ஹூஸ்டன் மாதிரி ஈரப்பதமான ஊரில் ஒரு நாளில் பல கேலன் தண்ணீர் காயிலில் இருந்து வடியும். வடியும் குழாயில் பாசி பிடித்து அடைத்தால் கீழே உள்ள தட்டில் தண்ணீர் ஏறும், தட்டின் ஓரத்தில் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் மிதவை ஒன்று இருக்கும், அது மேலே எழும்பியதும் மெஷினை நிறுத்திவிடும். சில வீடுகளில் தெர்மோஸ்டாட் திரையே அணைந்து கிடக்கும். நாம் பேட்டரி மாற்றிப் பார்ப்போம், பிரேக்கரைத் தட்டிப் பார்ப்போம், அட்டிக்கில் ஏறிப் பார்க்க மாட்டோம். நண்பர் ஒருவர் ஏறிப் பார்த்தார், ஆனால் மிதவைதான் கோளாறு என்று அதன் இரண்டு வயரையும் முறுக்கி இணைத்துவிட்டார். ஏசி ஜோராக ஓடியது. மூன்றாம் நாள் படுக்கையறைச் சீலிங் ஊறிப்போய்த் துண்டாகக் கட்டில் மேல் விழுந்தது.

வீட்டின் வெளிச்சுவரில், ஜன்னலுக்கு மேலே சம்பந்தமே இல்லாமல் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறதா? அதில் தண்ணீர் சொட்டினால் உங்கள் கண்ணில் படவேண்டும் என்றுதான் அங்கே வைத்திருக்கிறார்கள், தண்ணீர் வழக்கமாக வடியும் முதல் குழாய் அடைத்துவிட்டது என்று சொல்கிறது. முதல் குழாயின் வெளிமுனையில் ஈரம் உறிஞ்சும் வாக்குவத்தை வைத்து இரண்டு மூன்று நிமிடம் இழுத்தால் பெரும்பாலும் கொழகொழவென்று அடைப்பு வந்துவிடும். பல வீடுகளில் அது பாத்ரூம் சிங்க்கின் குழாயோடு போய்ச் சேர்ந்திருக்கும், அப்போது அட்டிக் பக்கமிருந்துதான் இழுக்க வேண்டும். காலையிலேயே ஏறிவிடுங்கள், மதியம் அட்டிக் அடுப்பு மாதிரி கொதிக்கும். கட்டைகள் மேல் மட்டும் கால் வையுங்கள், இடையில் மிதித்தால் உங்கள் கால் ஹாலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

உள்ளே காற்று வருகிறது, வெளியே மெஷின் மட்டும் நிற்கிறது என்றால் பிரேக்கர். உள்ளுக்கும் வெளிக்கும் தனித்தனி பிரேக்கர் என்பது பலருக்குத் தெரியாது. முழுசாக ஆஃப் பண்ணி, பிறகு ஆன் செய்து, ஐந்து நிமிடம் பொறுங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள், அது விழுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வெளியே ஙொய்ங் என்ற சத்தம் மட்டும் வந்து விசிறி சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர்தான் கோளாறு. குச்சியால் விசிறியைச் சுற்றிவிடும் வீடியோக்களைப் பார்த்து முயற்சி செய்ய வேண்டாம். கரண்ட்டை அணைத்த பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். ஆளைக் கூப்பிடுங்கள், ஆனால் அளவைக் காட்டச் சொல்லுங்கள். மேலே 45 மைக்ரோஃபாரட், ஆறு சதவீதம் கூடக்குறைய என்று அச்சிட்டிருந்தால், மீட்டரில் 42.3-க்குக் கீழே வந்தால்தான் அது கெட்டது. இந்தச் சின்ன சாமானுக்காக ஒருவர் மொத்த சிஸ்டத்தையும் மாற்றச் சொன்னால் இன்னொருவரைக் கூப்பிடாமல் கையெழுத்துப் போடாதீர்கள். டெக்ஸஸில் ஏசி காண்ட்ராக்டருக்கு மாநில லைசென்ஸ் வேண்டும், அந்த எண் வண்டியிலேயே எழுதியிருக்கும்.

வெளி மெஷினைக் கழுவுவது நல்லதுதான், தோட்டத்து ஹோஸ் போதும். பிரஷர் வாஷர் அடித்தால் அந்த மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிக் காற்று போகவே வழியிருக்காது.

கடைசியாக, மெஷின்மேல் பழி போடும் முன் அளந்து பாருங்கள். டாலஸில் 2011 கோடையில் 71 நாள் 100 டிகிரியைத் தொட்டது அல்லது தாண்டியது. அந்த மாதிரி நாளில் மதியம் முழுக்க நிற்காமல் ஓடுவது கோளாறு இல்லை. காற்றை உள்ளே இழுக்கும் பெரிய வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டர், குளிர்ந்த காற்று வரும் வென்ட்டில் ஒன்று, பதினைந்து நிமிடம் கழித்து வித்தியாசம் 15-இலிருந்து 20 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் மெஷின் தன் வேலையைச் செய்கிறது. என் வீட்டில் அடுத்த வருஷம் 18 காட்டியும் மாடி அறை மட்டும் 83-இலேயே நின்றது. அந்த அறைக்குக் காற்றைக் கொண்டுபோகும் சில்வர் டக்ட் குழாய் கழன்று, கோடை பாதி முழுக்க அட்டிக்கைக் குளிரவைத்துக்கொண்டிருந்திருக்கிறது.